பந்தியும் பொட்டலமும்: எத்தியோப்பிய இஞ்செராவையும் ஆரணி எடுப்புணவையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உணவகத்தில் அமர்ந்து உண்பதும், அதே உணவை வாங்கிச் சென்று உண்பதும் இடத்தால் மட்டுமே வேறுபடுவனவாகத் தோன்றும். உணவின் அமைப்பும் உண்போர் உறவும் அவற்றில் மாறுகின்றன என்பதை எத்தியோப்பிய இஞ்செரா உணவு, ஆரணி நகரின் எடுப்புணவு ஆகிய இரண்டையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இஞ்செரா, எடுப்புச் சாப்பாடு, கட்டுச்சோறு, பந்தி, எச்சில், ஆரணி.

முன்னுரை

சங்க கால உணவுகள் குறித்தும் கோயில் உணவுகள் குறித்தும் தமிழில் ஆய்வுகள் பல உள்ளன. அன்றாடம் நம் கைக்கு வரும் உணவகப் பொட்டலம் அந்த அளவிற்கு ஆய்வுப் பொருளாகவில்லை. அதனைப் புரிந்துகொள்ள எத்தியோப்பிய உணவு பெரிதும் துணைசெய்கிறது. அந்நாட்டில் உண்கலமே உணவாகவும் இருக்கிறது. எனவே உணவு பொட்டலமாகும்போது எது பிரிகிறது என்பது அங்குத் தெளிவாகப் புலப்படும். தமிழகத்துப் பேராசிரியர்கள் பலர் எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியுள்ளமையால் இவ்வுணவு நம் கல்வியுலகிற்கு முற்றிலும் அயலானதும் அன்று.

இஞ்செரா: உண்ணப்படும் உண்கலம்

டெஃப் என்பது கடுகினும் சிறிய மணிகளைக் கொண்ட புல்லினத் தானியம். அதன் மாவைக் கரைத்து, முந்தைய மாவிலிருந்து எடுத்துவைத்த எர்ஷோ என்னும் புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவைப்பர். பின்னர் மித்தாட் எனப்படும் அகன்ற வட்டக் கல்லில் ஊற்றி, மூடி, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பர். மேற்பரப்பில் தோன்றும் துளைகளை அம்ஹாரிய மொழியில் ‘கண்கள்’ என்பர். மாவைப் புளிக்கவைத்தலாலும் திருப்பிப் போடாமல் வேகவைத்தலாலும் இஞ்செரா நம் ஆப்பத்திற்கு நெருங்கிய உறவுடையது.

அகன்ற தட்டில் ஓர் இஞ்செராவை விரித்து, அதன்மீது வொட் எனப்படும் குழம்பு வகைகளைத் தனித்தனிக் குவியல்களாக வைப்பர். மிளகாய்ப் பொடியுடன் பல நறுமணப் பொருள்கள் சேர்ந்த பெர்பெரே, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் ஆகியவை எத்தியோப்பியச் சமையலில் பயில்வன. உண்போர் வேறோர் இஞ்செராவிலிருந்து வலக்கையால் துண்டு பிய்த்து, குழம்பை அதனால் பற்றி உண்பர். தட்டு ஒன்று, உண்போர் பலர். அன்பின் அடையாளமாக ஒருவர் மற்றவர் வாயில் ஊட்டும் வழக்கம் குர்ஷா எனப்படும். குழம்புகளின் சாறு ஊறிய அடி இஞ்செரா இறுதியில் உண்ணப்படும்.

எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட தவக்காலங்களிலும் ஊனும் பாலும் விலக்குவர். அதனால் பருப்பும் காய்கறியும் கொண்ட நோன்புத் தட்டு அந்நாட்டு உணவகங்களில் நிலைபெற்றுள்ளது. புரட்டாசியில் தமிழகத்து அசைவ உணவகங்களில் விற்பனை குறைவது இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது.

தட்டு பொட்டலமாகும்போது

1974ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் எத்தியோப்பியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். வாஷிங்டன் போன்ற நகரங்களில் அவர்கள் உணவகங்களைத் தொடங்கினர். அங்கு எடுப்புணவு இரு வகையாகக் கட்டப்படுகிறது. ஒன்று, பெட்டியின் அடியில் இஞ்செராவை விரித்து, அதன்மீது குழம்புகளை வைத்தல். மற்றொன்று, குழம்புகளைத் தனிக் கிண்ணங்களில் அடைத்து, இஞ்செராவைச் சுருட்டித் தனியே தருதல். முதல் வகையில் வீடு சேர்வதற்குள் இஞ்செரா மிகையாக ஊறிவிடுகிறது. இரண்டாவதில் இஞ்செரா கெடாது. ஆனால் அது கலமாக இருக்கும் தன்மையை இழந்து, தொட்டு உண்ணும் அப்பமாக மட்டும் எஞ்சுகிறது. அதை மீண்டும் தட்டில் விரித்து, குழம்புகளை வைத்து, சுற்றி அமர்ந்தால்தான் பழைய உணவு மீளும். உணவகம் செய்த பணியின் ஒரு பகுதியை இவ்வாறு உண்போர் ஏற்கின்றனர்.

தமிழ்ச் சொற்கள் காட்டும் வேறுபாடு

உணவை எடுத்துச் செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆற்றுணா, கட்டுச்சோறு, கட்டமுது, பொதிசோறு என்னும் சொற்கள் அதற்குச் சான்று. சுந்தரர்க்கு இறைவன் பொதிசோறு அளித்த திருக்குருகாவூர் நிகழ்ச்சியைப் பெரியபுராணம் கூறுகிறது. இச்சொற்கள் குறிப்பவை வழிப்பயணத்திற்கான உணவுகள். புளிச்சோறும் எள்ளுச்சோறும் பயணத்திற்கென்றே சமைக்கப்படுபவை. கட்டுவதால் அவற்றின் அமைப்பு சிதைவதில்லை.

உணவகப் பலகைகளில் நாம் காணும் ‘எடுப்புச் சாப்பாடு’ இதனின் வேறானது. இலையில் உண்பதற்கென்று சமைத்ததைப் பிரித்துக் கட்டுவது அது. பந்தியில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என ஒரு முறைவைப்பு உண்டு. பரிமாறுபவர் உண்பவரின் வேகமறிந்து அடுத்ததை ஊற்றுவார். பொட்டலத்தில் இவையனைத்தும் ஒரே நேரத்தில் வந்துசேர்கின்றன. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்க ஆள் இல்லை; அளவு முன்னரே முடிவாகிவிடுகிறது. எனவே கட்டுச்சோற்றின் தொடர்ச்சியாக எடுப்புச் சாப்பாட்டைக் கருதுதல் பொருந்தாது. அது பந்தியின் பிரிந்த வடிவம்.

ஆரணி: தறியும் பொட்டலமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, பட்டு நெசவிற்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற நகரம். நெசவாளர் வீடுகளில் தறியும் அடுக்களையும் ஒரே கூரையின்கீழ் அமைவது இயல்பு. கூலி புடைவைக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படும்போது, நூல் சுற்றுதலும் தார் சுற்றுதலும் செய்யும் பெண்களின் நேரமும் அக்கூலிக்குள்ளேயே அடங்குகிறது. அடுப்பில் செலவாகும் நேரம் தறியிலிருந்து கழிகிறது. தறிவேலை மிகும்போது அடுப்பு காத்திருக்கிறது. இத்தகைய வீட்டில் கடையிலிருந்து வரும் இட்லிப் பொட்டலத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட இயலாது. அது பெண்ணின் உழைப்பு நேரத்தோடு தொடர்புடைய பொருளியல் முடிவு. எண்ணெயும் மஞ்சளும் பட்டில் கறையாகும் என்பதால் உணவைத் தறியிலிருந்து விலக்கிவைப்பதும் இவ்வீடுகளின் ஒழுங்கு.

ஆர்க்காடு, ஆம்பூர், வாணியம்பாடி என விரியும் பிரியாணிப் பண்பாட்டுப் பரப்பில் ஆரணியும் அடங்கும். சீரகச் சம்பா அரிசியில் சமைக்கும் பிரியாணி பொட்டலத்திற்கு மிகவும் இயைந்த உணவு. ஊன், உப்பு, காரம், கொழுப்பு அனைத்தும் சோற்றுக்குள்ளேயே கலந்துள்ளன. பரிமாறும் முறைவைப்பு அதற்குத் தேவையில்லை. கட்டிய பின்னும் உள்வெப்பம் சிறிது நேரம் நீடிக்கிறது. தாள்சாவும் வெங்காயப் பச்சடியும் மட்டும் தனியே செல்கின்றன. எடுப்பில் முழுச் சாப்பாடு இழப்பது போலப் பிரியாணி இழப்பதில்லை.

கட்டும் பொருளிலும் வரலாறு உண்டு. தீயில் வாட்டிய வாழையிலை கிழியாமல் மடங்கும். அதன்மேல் தாளும் நூலும் சுற்றுவது பழைய முறை. அச்சுமை நஞ்சாகலாம் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018ஆம் ஆண்டு உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் தடைசெய்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. உணவு பொதியும் ஞெகிழித் தாள் அவற்றுள் ஒன்று. ஆயினும் சாம்பாரையும் தாள்சாவையும் எதில் ஊற்றுவது என்னும் சிக்கல் சிறு கடைகளுக்குத் தீரவில்லை. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுசெல்லும் வழக்கமே அதற்கு எளிய விடை.

எச்சிலும் உடனுண்ணலும்

எத்தியோப்பியத் தட்டைத் தமிழர் பலர் வியப்போடு நோக்கக் காரணம் ‘எச்சில்’ என்னும் கருத்து. ஒருவர் கைபட்ட உணவை மற்றவர் உண்ணாமை தூய்மை குறித்தது என்பர். ஆனால் சாதியின் எல்லைகளைக் காத்ததும் அக்கருத்தே. உணவகம் அனைவர்க்கும் பொது என்னும் உரிமையை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு வழங்கியது. அதன் பின்னரும் சென்னை உணவகமொன்றின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957இல் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையும் இவ்வரலாற்றின் பகுதியே.

இப்பின்னணியில் பொட்டலம் இருமுகம் கொண்டது. எந்தச் சமையலறையின் உணவையும் எவரும் வாங்கி உண்ண அது வழிசெய்கிறது. அதே வேளையில், சமைத்தவரோடும் பிறரோடும் ஒன்றாய் அமராமலேயே அவ்வுணவைத் துய்க்கவும் இடமளிக்கிறது. உணவு எல்லையைக் கடக்கிறது, உண்பவர் கடப்பதில்லை.

ஒரே கலத்தில் உண்ணல் தமிழ் மண்ணில் இல்லாததன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் தமிழ் முஸ்லிம்களின் திருமண விருந்துகளில் சிலர் ஒரு பெருந்தட்டைச் சூழ்ந்து உண்ணும் சஹன் முறை வழங்கிவருகிறது. எத்தியோப்பியத் தட்டுக்கு நேரான தமிழ் வழக்கு இதுவே.

முடிவுரை

இஞ்செராவையும் ஆரணிப் பொட்டலத்தையும் ஒப்பிடும்போது மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, எடுப்புக்கென்று சமைத்த உணவும் எடுப்பாகப் பிரிக்கப்பட்ட உணவும் வேறு வேறு. கட்டுச்சோறு, எடுப்புச் சாப்பாடு என்னும் தமிழ்ச் சொற்களே இதனைக் காட்டுகின்றன. இரண்டாவது, பொட்டலம் மிச்சப்படுத்தும் நேரம் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு நேரம்; நெசவு நகரங்களின் உணவுப் பழக்கத்தைக் கூலி முறையிலிருந்து பிரித்து ஆராய்தல் முழுமை தராது. மூன்றாவது, பிறர் உணவை ஏற்பதும் பிறரோடு உண்பதும் ஒன்றல்ல. ஆகவே தமிழ் உணவாய்வு ‘என்ன உண்டனர்’ என்பதோடு ‘யாருடன் அமர்ந்து உண்டனர்’ என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். எடுப்புச் சாப்பாடு, சஹன், பந்தி போன்ற வழக்குச் சொற்களை வட்டாரந்தோறும் தொகுப்பது அதற்குரிய முதற்பணியாகும்.