ஆலைக்குக் கிழங்கு, அடுப்புக்குச் சாமை: கொல்லிமலை தரும் பாடம்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை மானாவாரியாகப் பயிரிட்டு உண்டு வந்தனர். பின்னர் அதே சரிவுகளில் மரவள்ளி பரவியது. ஆலைக்குச் செல்லும் இக்கிழங்கு மலைக்குப் பணம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் பணம் வந்த வழியிலேயே வீட்டுத் தொம்பையில் இருந்த தானியம் குறைந்தது. இது ஏன் நேர்ந்தது, இதற்கு என்ன செய்யலாம் என்பதை மலைப்பகுதி விவசாயிகள் அறிந்துகொள்வது அவசியம்.

மரவள்ளி பரவிய காரணம்

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு மாவுப் பொருள்களின் வரத்து தடைப்பட்டது. அதையொட்டி 1943-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் தயாரிக்கும் தொழில் தொடங்கியது. ஆலைகள் பெருகின. 1981-இல் ஆலை உற்பத்தியாளர்களின் சரக்கை விற்க சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மலைக்கு லாரி ஏறத் தொடங்கியதும் ஆலைக்கும் மலைக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்தது.

விவசாயி மரவள்ளியை விரும்பியதில் தவறில்லை. வறட்சியை அது ஓரளவு தாங்கும். மொத்தமாகப் பணம் கிடைக்கும். சாமைக்கோ உழைப்பு அதிகம். விளைந்த தானியத்தைப் பெண்கள் உரலிலிட்டு இடித்துப் புடைத்த பிறகுதான் உலை வைக்க முடியும். பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் ரொக்கம் தேவைப்படும் குடும்பம், பணப்பயிரை நாடுவது இயல்பே.

இடர் எங்கே?

மரவள்ளி அறுவடைக்கு வரச் சுமார் 10 மாதம் ஆகும். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். ஆலையில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்தே விலை போடுவார்கள். எல்லோரும் ஒரே பருவத்தில் தோண்டினால் விலை இறங்கும். வண்டி வாடகையும் வெட்டுக் கூலியும் போக மிஞ்சுவது சொற்பம். விலை சரியில்லை என்று தோண்டிய கிழங்கை வீட்டில் வைத்திருக்க முடியாது. சாமையோ, உமியோடு நன்கு காயவைத்துச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை வந்தால் விற்கலாம். வராவிட்டால் சமைத்து உண்ணலாம். சிறு விவசாயியின் உணவுப் பாதுகாப்புக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

சத்திலும் வேறுபாடு உண்டு. 100 கிராம் பச்சை மரவள்ளியில் புரதம் சுமார் 1 கிராம்தான். சாமையில் 8 முதல் 10 கிராம் வரை உள்ளது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். 2011 முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் பட்டினி தவிர்க்கப்படுகிறது. ஆயினும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டிய எல்லாச் சத்தும் அரிசியால் மட்டும் கிடைத்துவிடாது.

விதை போனால்?

கொல்லிமலையில் சாமை என்பது ஒரே ரகம் அன்று. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலசாமை, பெருஞ்சாமை எனப் பல உண்டு. சில விரைவில் முற்றும். சில அதிக நாள் எடுக்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதேனும் ஒன்று கைகொடுக்கும். இந்த விதைகள் கடையில் கிடைப்பவை அல்ல. ஊரில் அனைவரும் இரண்டு மூன்று ஆண்டு விதைக்காமல் விட்டால் விதையின் முளைப்புத்திறன் போய்விடும். பிறகு விரும்பினாலும் அந்த ரகத்தைப் பயிரிட முடியாது.

ஒரே பயிரை நம்புவதன் ஆபத்தை மாவுப்பூச்சி உணர்த்தியது. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் தமிழகத்திலும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் வயல்களில் விடத் தொடங்கினர். அதற்குள் மரவள்ளியை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் நட்டத்தைச் சுமந்தன.

செய்ய வேண்டியவை

மரவள்ளியை அடியோடு கைவிட வேண்டியதில்லை. நிலத்தில் ஒரு பங்கை உணவுத் தானியத்துக்கு ஒதுக்கினால் போதும். அரை ஏக்கரில் 200 கிலோ சாமை விளைவதாகக் கொண்டால், உமி நீக்கியபின் சுமார் 120 கிலோ அரிசி தேறும். நாளொன்றுக்கு ஒரு கிலோ சமைத்தால் அது நான்கு மாத உணவு.

கைவிதைப்பை விட வரிசை விதைப்பு நல்லது. ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும், களையெடுப்பதும் எளிது. கடைசி உழவில் 5 டன் தொழு உரம் இடவேண்டும். சாமையுடன் துவரை, மொச்சை கலந்து விதைத்தால் பருப்பும் வீட்டிலேயே கிடைக்கும்.

மரவள்ளி நட்ட முதல் இரண்டு மூன்று மாதம் வரிசைகளுக்கிடையே மண் வெறுமையாகக் கிடக்கும். சரிவு நிலத்தில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும். சரிவுக்குக் குறுக்கே நடவு செய்து, குறுகிய காலப் பயறுகளை ஊடுபயிராக இட்டால் அரிப்பு குறையும். நோயற்ற செடிகளின் குச்சிகளையே நடவுக்கு எடுக்க வேண்டும்.

விதைக்கென நல்ல கதிர்களைத் தனியே கொய்து, காயவைத்து, ரகம் கலவாமல் பாதுகாக்க வேண்டும். 1990-களிலிருந்து கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கிராம விதை வங்கிகள் அமைந்தன. விதையைக் கடனாகப் பெற்று, அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தருவதே இதன் முறை. உமி நீக்கும் இயந்திரங்களும் கிராமங்களுக்கு வந்தன. உரல் இடிக்கும் வேலை குறைந்தால்தான் சாமை மீண்டும் அடுப்பேறும் என்பதைப் பெண்கள் நன்கறிவர். விதை வங்கியோ இயந்திரமோ இல்லாத ஊர்களில் மகளிர் குழுக்கள் கூட்டாக இவற்றை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

ஆலை வேண்டும்; அது தரும் வருமானமும் வேண்டும். ஆனால் கிழங்கின் விலை மலைக்குக் கீழே முடிவாகிறது. அவ்விலை சரியும் ஆண்டிலும் குழந்தைகள் பசியாற, தொம்பையில் தானியமும் பானையில் விதையும் இருக்கவேண்டும்.