கர்ப்பத்துக்கு முன் கைக்கொள்ள வேண்டிய ஆகாரமும் உழைப்பும்

கொங்கு நாட்டுக் குடியானவர் எவரும் மழை பெய்த பின்னர் நிலத்தைத் திருத்தத் தொடங்குவதில்லை. கோடையிலேயே உழுது, எருவிட்டு, விதைப்புக்கு முன் நிலத்தைப் பண்படுத்தி வைக்கின்றனர். ஆயினும் அதே வீட்டில், மருமகள் கர்ப்பமுற்றாளென்று தெரிந்த பின்னரே அவளுடைய ஆகாரத்தைப் பற்றிய யோசனை பிறக்கிறது. நீரிழிவு நோயைப் பொறுத்தவரையில் இது காலங்கடந்த யோசனையாகும்.

டாக்டர் வீ. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் 12,056 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 2008-ம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டனர். கர்ப்பகால நீரிழிவு நகரங்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறு நகரங்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் காணப்பட்டது. கிராமத்தார் இதைக் கண்டு ஆறுதலடைவதற்கில்லை. பத்துப் பேரில் ஒருத்தி என்பது சொற்பமன்று.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியின் வழியே சிசுவைச் சேருகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு செல்வதில்லை. ஆகவே சிசுவின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. சிசுவின் தேகத்தில் கொழுப்பு மிகுகிறது. அக்குழந்தை வளர்ந்தபின் ஸ்தூல தேகமும் நீரிழிவும் அடைய ஏதுவுண்டு. தாய்க்கும் பிற்காலத்தில் அந்நோய் நிலைக்கக்கூடும். அன்றியும், சிசுவின் இருதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களுக்குள்ளாகவே உருவாகின்றன. நாள் தள்ளியதை நிச்சயித்து வைத்தியரிடம் செல்வதற்குள் அக்காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. பிரிட்டனில் ஸ்தூல தேகமுள்ள 1,555 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ஆகாரமும் தேகப்பயிற்சியும் போதிக்கப்பட்டன. 2015-ல் வெளியான முடிவின்படி, எடை ஏறுவது சிறிது குறைந்ததேயன்றி நீரிழிவு குறையவில்லை.

கோயமுத்தூரில் 1923-ல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலத்தில், சோளச்சோறும், கம்மஞ்சோறும், ராகிக் களியும் இவ்வட்டாரத்துப் புன்செய்க் குடிகளின் அன்றாட ஆகாரமாயிருந்தன. நெல்லுச்சோறு நோன்புக்கும் விருந்துக்கும் உரியது. பெண்கள் உரலில் குத்தினர், திரிகையில் அரைத்தனர், தூரத்துக் கிணற்றிலிருந்து நீர் சுமந்தனர், களையெடுத்தனர். பின்னர் மின்சார மோட்டார் வந்தது. 1950-களில் கீழ்பவானி வாய்க்கால் வந்தது. மாவு மில்லும் மிக்ஸியும் வந்தன. இவற்றை வேண்டாமென்று சொல்லுவார் யாருமில்லை. அந்த உழைப்பின் கொடுமையை அனுபவித்த பாட்டிமார் முதலில் மறுப்பர். ஆனால் உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனித் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, களத்தில் நின்ற அவளுடைய பாட்டியின் வட்டில் அளவு எதற்கு?

சிறுதானியத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ராகியும் மாச்சத்துள்ள தானியமே. நைசாக அரைத்துக் கஞ்சியாய்க் காய்ச்சினால் சர்க்கரை விரைவாக ஏறும். சாமையையும் வரகையும் வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிடு போய்விடும். தவிடு நீங்காத தானியத்தை அளவோடு சமைத்து, தட்டில் கால் பங்கு தானியம், கால் பங்கு கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை முதலிய பருப்பு வகை, மீதிப் பாதி கீரையும் காயும் என்று வைத்துக்கொள்வதே உத்தமம். கொள்ளு நம் புன்செய்க் காடுகளிலேயே விளைகிறது. நாட்டுச்சர்க்கரை விஷயத்தில் கரும்புக் குடியானவர்கள் வருத்தப்படலாகாது. கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் செல்லும் சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும், இரத்தத்தில் அதுவும் சர்க்கரையே.

ஐந்தடி உயரமுள்ள ஸ்திரீ 53 கிலோவுக்கு மேற்பட்டால் அதிக எடையென்றும், 58 கிலோவுக்கு மேற்பட்டால் ஸ்தூலமென்றும் நம் நாட்டினருக்குரிய கணக்கு. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. 65 கிலோ உள்ளவள் மூன்று அல்லது நான்கு கிலோ குறைத்தாலே பயனுண்டு. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாக நடப்பது போதுமானது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் நடத்தி 2006-ல் வெளியிட்ட பரீட்சையில், நீரிழிவின் விளிம்பிலிருந்தோர் ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்டதால், மூன்று வருஷத்தில் நோய் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. அது கர்ப்பத்தைக் குறித்த பரீட்சையன்று. ஆயினும் நம்மவர் தேகத்துக்கு இவ்வழி பலிக்கும் என்பதைக் காட்டிற்று. மெலிந்த பெண்கள் எடையைக் குறைக்கலாகாது. அவர்களுக்குச் சோகை நீங்குவதே முதற்காரியம். யாவரும் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ளுதல் நலம்.

ஆனால் அடுப்பு யாருடைய கையில் இருக்கிறது? புது மருமகள் தனக்கென்று வேறு உலை வைக்க முடியாது. கலியாணமான மறுவாரந்தொட்டு உறவினர் வீடுகளில் ஒப்பட்டும் நெய்யுமாக விருந்து. மூன்றாம் மாதத்தில் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வி. எடையைக் குறைக்க ஆறு மாதம் பொறுக்கலாமென்று அவள் சொன்னால் அபவாதம் வந்துவிடும். அதை மாமியாரும் கணவனுமே முன்வந்து சொல்லவேண்டும்; அந்த ஆகாரத்தைத் தாங்களும் உண்ணவேண்டும். அவர்கள் வயதுக்கும் அது மருந்தே.

கர்ப்பத்துக்கு முன் வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்கு மேலிருந்தால் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். 126-ஐ எட்டினால் நீரிழிவாயிருக்கலாம், மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்யவேண்டும். கர்ப்பமான பின் முதற்பரிசோதனையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் நீர் அருந்தி, இரண்டு மணி கழித்து அளவு பார்க்கின்றனர். 140 அல்லது அதற்கு மேலிருந்தால் நோயுண்டு. 24 வாரத்துக்குப் பின் இதைத் திரும்பச் செய்யவேண்டும். நோய் கண்டவர்கள் பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்குப் பின்னும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். பெண் தாய்வீட்டிலிருக்கும் காலமாதலால் பெரும்பாலும் தவறிப்போவது இதுவே. குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் அந்நாளிலேயே தாயும் பழைய பரிசோதனைச் சீட்டைக் கொண்டுசென்று பார்த்துக்கொள்ளலாம்.