வெந்த வாய்க்குச் செவ்வொளி

ஏற்காட்டு மலையிலுள்ள மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர் வாய்ப் புற்றுக்காகச் சேலத்துக்குக் 'கரண்ட் வைக்க'ப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அத்தனை முறை இறங்கி ஏற வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் வெந்துபோகும். காரக் குழம்பு கிடக்கட்டும், எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் முட்டும். சாப்பாடு நின்று உடம்பு இளைத்து, சிலர் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி விழுந்தால் புற்று மறுபடி தழைக்கிறது. இதைப் போய்ச் சின்னப் பக்கவிளைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கதிர்வீச்சு, வேகமாகப் பெருகும் செல்களைக் கடுமையாகத் தாக்கும். புற்றுச்செல் அந்த வகை. ஓயாமல் தேய்ந்து புதிதாகும் வாயின் உள்தோலும் அதே வகைதான்.

இந்தப் புண்ணைத் தடுக்க உதவும் ஒரு வழி, சிவப்பு ஒளி. அதன் கதை எலிகளிடம் தொடங்குகிறது. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முதுகு மழித்த எலிகள்மீது திறன் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். மழித்த இடத்தில் ரோமம் சீக்கிரமாக முளைத்தது. ஆறாத புண்களுக்கும் அவர் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் செல்லுக்கு ஆற்றல் கூடி, பழுது பார்க்கும் வேலை விரைவுபடுகிறது என்பது இன்றைய விளக்கம். சூடு கிடையாது, வலியும் கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. மணிப்பால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 221 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, ஒவ்வொரு முறை கரண்ட் வைக்கும் முன்பும் 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர். மறு பிரிவுக்கு வெறும் பாவனை. 2012இல் வெளியான முடிவின்படி, ஒளி பெற்றவர்களுக்குக் கடும் புண்ணும் வலியும் குறைவு. மார்ஃபின் வகை வலிமருந்தின் தேவையும் குறைந்தது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெறுவோரிடம் புண் வராமல் தடுக்க இந்த ஒளியைப் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களும் பரிந்துரைக்கின்றன.

அளவு முக்கியம், கூடினால் பலன் குறையும். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைத் தவிர்த்தே பாய்ச்சுகிறார்கள். நோயாளி, சிகிச்சை தருபவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கன்னத்தின் உட்புறம், உதடு, நாக்கு என்று இடம் இடமாகச் சிறிது நேரம்தான். புண் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் கரண்ட் வைக்கும் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும்.