எரிமலை நாட்டில் மிதிவண்டிச் சாலைகள்

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள ஒவேர்ன் மலைநாட்டில் ஏறத்தாழ 80 எரிமலைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவை அடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகளாயின. 1977-இல் இப்பகுதி வட்டார இயற்கைப் பூங்காவாக்கப்பட்டது. சிற்றூர்களை இணைக்கும் மாவட்டச் சாலைகளில் மோட்டார் வண்டிகள் குறைவு. எனவே மிதிவண்டிப் பயணிகளுக்கெனப் புதுச் சாலை வேண்டியதில்லை. ஊராருக்காகப் பேணப்படும் சாலையே போதுமானது. சுமார் 1,589 மீட்டர் உயரத்திலுள்ள பெய்ரோல் கணவாயை இவ்வாறே கடக்கலாம். பனிக்காலத்தில் மட்டும் அது மூடப்படும்.

1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் மலையின் நிலை வேறு. அதன் உச்சிச் சாலையில் ஒரு பங்கை, 2012-இல் தொடங்கிய பற்சக்கர இரயிலின் தண்டவாளம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய ஒடுங்கிய வழியில் மிதிவண்டிகளுக்கு வழக்கமாக அனுமதியில்லை. இது பெரும் இழப்பே. 2023-இல் தூர் தெ பிரான்ஸ் பந்தய வீரர்கள் அவ்வழியே ஏறினர். ஏனையோர் வண்டியை அடிவாரத்தில் விட்டு, இரயிலிலோ நடந்தோதான் உச்சியை அடைகின்றனர்.