தகரக் கூரையின் கீழ் ஒரு மச்சு

கடலூருக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, வங்கக் கடலுக்கு அப்பால் அமைந்த சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டிலேயே அரசாங்க மரமறுப்பு ஆலை நிறுவப்பட்டுவிட்டபடியால், அந்தமானில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடு கட்டும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் பிரதேசத்தில் தகரம் உத்தமமான கூரையே. ஆயினும், உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் ஏப்ரல் பிற்பகுதியில், அதே தகரம் 60 டிகிரிக்கு மேல் காய்ந்து, அதன் கீழுள்ள மச்சை மனிதர் தங்க இயலாத இடமாக்கிவிடுகிறது. குடும்பம் பெருகி, இடம் போதாமல், அந்த மச்சையே படுக்கையறையாக்க விரும்புவோர் முதலில் சிந்திக்க வேண்டியது இந்த உஷ்ணத்தைத்தான்.

அதற்கு உகந்த சாதனம், பளபளக்கும் அலுமினியப் படலங்களுக்கிடையே மெல்லிய ஃபோம் அடுக்குகளை வைத்துத் தைத்த விரிப்பு. சூடான காற்று மேலேயே தேங்கி நிற்கும் இயல்புடையதாதலால், கூரையிலிருந்து கீழே இறங்கும் வெப்பத்தின் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே வருகிறது. தூய அலுமினியமோ அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். வெப்பம் கீழிருந்து மேலே தப்பியோடும் குளிர் தேசங்களில் இதன் பிரயோஜனம் குறித்து நெடுங்காலம் சர்ச்சை நடந்ததுண்டு. நம்முடைய உஷ்ண தேசத்துக் கூரைக்கோ இது இயல்பாகவே பொருந்துகிறது.

ஆனால் அந்தக் குணமெல்லாம் படலத்தை ஒட்டிய காற்றிடைவெளியைச் சார்ந்தது. விரிப்பைத் தகரத்தோடு ஒட்ட அடித்துவிட்டால், வெப்பம் தொடுகையினாலேயே கடந்து செல்லும்; செலவழித்த பணமும் வீண். ஆகவே கைமரங்களின் அடிப்புறத்தில் விரிப்பை இழுத்துப் பின் அடித்து, தகரத்துக்கும் அதற்கும் இடையே குறைந்தது ஓர் அங்குலமேனும் விட்டு, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அலுமினிய டேப்பால் ஒட்டி, அதன்மேல் ரீப்பர் அறைந்து, அந்த ரீப்பரின் கனமே மறு இடைவெளியாகும்படி உட்கூரைப் பலகையைப் பொருத்த வேண்டும். இரவில் தகரத்தின் அடியில் வியர்க்கும் நீர் விரிப்பின்மேல் சொட்டும். அது இறவாணத்துக்கு வெளியே வடியுமாறு கீழ் விளிம்பு அமைவது அவசியம். இல்லையேல் சுவர்ப் பலகை உளுத்துப்போகும்.

இன்னொரு விஷயம் உயிரைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் 2009-10-இல் அரசாங்கச் செலவில் வீடுகளுக்கு வெப்பக்காப்பு அமைத்தபோது நான்கு இளம் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் இருவர் அலுமினியப் படலம் பொருத்துகையில் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரையடி உஷ்ணம் தாளாமலும் உயிர் நீத்தனர். உலோகப் பின் ஒன்று மின்கம்பியைத் துளைத்தால் படலம் முழுவதிலும் மின்சாரம் பாய்ந்துவிடும். பழைய வீட்டில் மச்சுக்குள் ஓடும் ஒயர்களை முதலில் எலெக்ட்ரீஷியன் பார்த்து ஒதுக்கித் தந்த பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் ஆட்களை இறக்கிவிட வேண்டும்.