கையெழுத்துப் போடும் முன்: சிங்கப்பூரில் மென்பொருள் படிப்பும் மூன்றாண்டு ஒப்பந்தமும்

தஞ்சோங் மாலிமில் வளரும் பிள்ளைகளுக்கு வேலை என்றதும் இரண்டு இடங்கள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் உப்சி. இன்னொன்று, 2003-இல் வந்த புரோட்டோன் கார் தொழிற்சாலை. ‘டீச்சருக்குப் படி, இல்லாட்டி புரோட்டோன்ல சேர்ந்துக்க’ என்பது எங்கள் வீட்டில் மட்டும் கேட்ட பேச்சல்ல. தாத்தா பால்மரம் சீவியவர். அப்பா புரோட்டோனில் வேலை செய்தவர். நான் ஆசிரியராவேன் என்று எல்லாரும் முடிவு செய்திருந்த நேரத்தில், எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுக் கணினி அறிவியல் படிக்க சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். 2021-இல் பட்டம் பெற்று, அங்கேயே மென்பொருள் உருவாக்கும் வேலையில் இருக்கிறேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பெற்றோர் வந்து கேட்கும் கேள்வி: “ஏம்மா, மூணு வருசம் கட்டிப் போட்டுடுவாங்களாமே, உண்மையா?”

உண்மைதான். சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் வெளிநாட்டு மாணவர்கள், அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கட்டண மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியர்களும் இதில் வெளிநாட்டு மாணவர்கள்தாம். மானியம் கிடைத்தால் கட்டணம் பெருமளவு குறையும், ஆனாலும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கட்டுவதைவிட நாம் கட்டுவது அதிகமாகவே இருக்கும். பதிலுக்கு, பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். அதற்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தத்தை மீறினால் மானியத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இந்த ஜாமீன் விஷயம் எளிதாக முடியவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடன் தாளில் கையெழுத்து என்றாலே ஒரு பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. அப்பா போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு மாமா ஒரு வாரம் யோசித்தார். ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “மூணு வருசம் நீ வேலை செய்யணும்னு போட்டிருக்கு. அவங்க உனக்கு வேலை தரணும்னு எங்க போட்டிருக்கு?”

எங்கும் போடவில்லை. இந்தப் படிப்பில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடமே அதுதான் என்பது என் கருத்து. ஒப்பந்தம் நம் பிள்ளையைத்தான் கட்டுப்படுத்துகிறது. எந்த முதலாளியையும் அது கட்டுப்படுத்துவதில்லை. பட்டம் வாங்கியபிறகு வேலை தேடிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால், கையில் கடன், தலையில் ஒப்பந்தம், வேலை இல்லை என்ற நிலை வரலாம். வேலை தேட ஓராண்டு வரை தங்குவதற்கு நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த ஓராண்டில் வாடகையும் சாப்பாடும் சிங்கப்பூர் வெள்ளியில்தான்.

பணத்தைப் பற்றி இரண்டு சொல். பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்விக்கு மட்டும்தான், சிங்கப்பூருக்கு அது வராது. சிங்கப்பூர் வங்கிகள் வழியாகக் கிடைக்கும் கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்கள் கட்டும் கட்டணத்தில் 90 விழுக்காடுதான் உச்சவரம்பு. நம் கட்டணம் அதைவிட அதிகம் என்பதால், மீதியையும் தங்கும் செலவையும் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா ஊழியர் சேமநிதியில் கல்விக்கென்று எடுக்க முடிந்ததை எடுத்தார். பருவக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை மாணவர்கள் வேலை செய்யலாம். நான் கீழ்வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைச் சமாளித்தேன். டீச்சருக்குப் படி என்றவர்கள் மனம் குளிர்ந்திருக்கும்.

எங்கள் படிப்பில் வேலைக்கான ஓட்டம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டு மே மாதம் தொடங்கும் பயிற்சி வேலைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடும். அந்தப் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களையே முழுநேர வேலைக்கும் கூப்பிடுவார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். முதலாண்டு விடுமுறையில் என்ன செய்கிறோம் என்பது அதனால்தான் முக்கியம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த விடுமுறைக்கு ‘ஆர்பிட்டல்’ என்றொரு திட்டம் இருக்கிறது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு மென்பொருளை உருவாக்க வேண்டும். பலர் விளையாட்டுச் செயலி, படிப்புக் கால அட்டவணை என்று போனார்கள். நான் ஊர்ப் பிரச்சினையை எடுத்தேன். எங்கள் கொமுட்டர் ரயில் பாதையின் வடக்குக் கடைசி நிலையம் தஞ்சோங் மாலிம்தான். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த ரயில் எப்போது, இப்போது வீட்டிலிருந்து கிளம்பினால் பிடிக்கலாமா என்று டெலிகிராமில் கேட்டால் பதில் சொல்லும் ஒரு சிறு நிரலை எழுதினோம். என்னோடு சேர்ந்த சிங்கப்பூர்த் தோழி அதுவரை எங்கள் ஊரின் பெயரையே கேட்டதில்லை. பிறகு ஒருமுறை வந்து, பாவ் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

பார்க்க எளிய வேலை. ஆனால் கால அட்டவணை கணினி படிக்கும் வடிவில் இல்லை. வார நாளுக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று என்று மாறும். நள்ளிரவைத் தாண்டும் ரயிலை எந்தத் தேதியில் சேர்ப்பது என்பதற்கே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். என் முதல் பயிற்சி வேலைக்கான நேர்காணலில், பாதி நேரம் இந்த ரயில் நிரலைப் பற்றித்தான் பேச்சு. “அட்டவணை திடீரென்று மாறினால் உங்கள் நிரலுக்கு எப்படித் தெரியும்? தவறான நேரம் சொல்லி ஒருவர் ரயிலை விட்டால் உங்களுக்கு எப்படித் தெரியவரும்?” இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், என் சித்தியும் அவருடைய தோழிகளும் அந்த நிரலைத் தினமும் பயன்படுத்தி என்னைத் திட்டியதுதான். மதிப்பெண்ணும் வேண்டும், புதிர்க் கணக்குப் பயிற்சியும் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உண்மையான மனிதர்கள் பயன்படுத்திய ஒரு சின்ன நிரல், யாரும் திறந்து பார்க்காத பத்து நிரல்களைவிட மேல். இப்போது நிரல் எழுத செயற்கை நுண்ணறிவே உதவுகிறது. எழுதியது சரியா என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. அது பயனாளிகளிடம் திட்டு வாங்கித்தான் வருகிறது.

அடுத்தது, வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே போட வேண்டிய கணக்கு. ஒரு நிறுவனம் என்னிடம் இரண்டு சுற்று நேர்காணல் நடத்திவிட்டு, மூன்றாவது அழைப்பில்தான் நான் குடிமகளா, நிரந்தரவாசியா என்று கேட்டது. இரண்டும் இல்லை என்றதும் நன்றி சொல்லி வைத்துவிட்டது. அதற்குப்பிறகு அந்தக் கேள்வியை முதல் அழைப்பிலேயே நான் கேட்கத் தொடங்கினேன். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த விதிகள் இப்போது இல்லை. எம்பிளாய்மென்ட் பாஸ் கிடைக்க, 2025 தொடக்கம் முதல் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி சம்பளம் வேண்டும். நிதித்துறையில் அதைவிட அதிகம், வயது ஏற ஏற வரம்பும் ஏறும். அதோடு, 2023 செப்டம்பர் முதல் ‘காம்பஸ்’ என்ற புள்ளி முறையும் உண்டு. 40 புள்ளி எடுத்தால் தேர்ச்சி. சிங்கப்பூர்த் தன்னாட்சிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20 புள்ளி கிடைக்கிறது. சம்பளத்துக்கு இருபது வரை. மீதி இரண்டு அம்சங்கள் நம்மைப் பற்றியவை அல்ல, நிறுவனத்தைப் பற்றியவை. உள்ளூர் ஆட்களை அது எவ்வளவு எடுத்திருக்கிறது என்பது ஒன்று. நம் நாட்டவர் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் என்பது இன்னொன்று. உயர்நிலைப் பணியாளர்களில் மலேசியர்கள் கால்வாசி இருந்துவிட்டால், அந்த இடத்தில் நமக்குச் சுழியம். ‘நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அங்க போ’ என்று மாமா, சித்தப்பா சொல்லும் அறிவுரை இங்கே தலைகீழாகிவிடுகிறது! 25-க்கும் குறைவான உயர்நிலைப் பணியாளர்கள் உள்ள சிறு நிறுவனங்களுக்கு இந்த இரண்டு அம்சங்களிலும் தலா பத்துப் புள்ளி தானாகவே கிடைக்கும். சின்ன நிறுவனம் என்று ஒதுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளம் அந்த அளவுக்கு வராவிட்டால் எஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் சேவைத் துறை நிறுவனங்கள் தம் ஆட்களில் பத்து விழுக்காட்டினரைத்தான் அந்த அட்டையில் வைத்திருக்கலாம், மாதாமாதம் தீர்வையும் கட்ட வேண்டும்.

சிங்கப்பூரைவிட ஆஸ்திரேலியா, அமெரிக்கா மேலா என்றும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு ஒப்பந்தம் கிடையாது. மானியமும் கிடையாது. படிக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம், இளங்கலைப் பட்டத்துக்குப்பின் பொதுவாக இரண்டாண்டு தங்கி வேலை செய்ய விசா உண்டு. அமெரிக்காவில் கணினிப் பட்டதாரிகளுக்கு ஓராண்டும், மேலும் இரண்டாண்டும் வேலை அனுபவத்துக்கு அனுமதி உண்டு. முதல் ஆண்டில் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அதற்குப்பின் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடங்கள்தாம், அதுவும் குலுக்கலில். எங்கே போனாலும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிங்கப்பூரில் அது ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

ஜாமீன் போட யாரும் முன்வராவிட்டால், அல்லது பிள்ளைக்கே வெளியூர் போக மனமில்லாவிட்டால், தொழில் நின்றுவிடாது. நம் ஊர் உப்சியிலேயே மென்பொருள் பொறியியல் பட்டப்படிப்பு இருக்கிறது, பிடிபிடிஎன்னுக்கும் விண்ணப்பிக்கலாம். கோலாலம்பூரில் மூன்று நான்கு ஆண்டு அனுபவம் சேர்த்துக்கொண்டு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் சிங்கப்பூருக்கு வந்த மலேசியர்கள் என் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே 40 புள்ளிக் கணக்குதான். பட்டத்துக்குப் புள்ளி கேட்பதென்றால், அது உண்மையானது என்று சரிபார்த்த சான்றையும் முதலாளி இணைக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கலாம். ஆகவே மூலச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வேலை உறுதியாகும் முன்பே கைவசம் இருக்கட்டும்.