நூறு மீற்றரும் ஐம்பத்தாறு கிலோமீற்றரும்

2024 ஜூலை 29ஆம் திகதி பிற்பகல், குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைக்காகக் காத்திருந்தேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். கைபேசியில் பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்களுக்கான 100 மீற்றர் மல்லாக்கு நீச்சல் தகுதிகாண் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. இலங்கைக்காக நீந்தியவர் கங்கா செனவிரத்ன. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கங்கா எண்டா நம்மட புள்ளையா?"

இல்லை என்றேன். அவர் வாவியைப் பார்த்தார். "இவ்வளவு தண்ணி கிடக்கு, நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்லியா?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாரிசுக்கு இலங்கை ஆறு பேரை அனுப்பியது. அவர்களில் இருவர் நீச்சல் போட்டியாளர்கள்: கங்கா செனவிரத்னவும், ஆண்களுக்கான 100 மீற்றர் சாதாரண நீச்சலில் கலந்துகொண்ட கைல் அபேசிங்கவும். இருவருமே தகுதிகாண் சுற்றுடன் வெளியேறினார்கள். அதைத் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை. தகுதி நேரத்தை எட்டிய நீச்சல் வீரர் இல்லாத நாடுகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கவேண்டும் என்பதற்காக, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்ப இடமளிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இவர்கள் இருவரும் அந்த வழியில்தான் போனார்கள். பெண்களுக்கான 100 மீற்றர் மல்லாக்கு நீச்சலில் நேரடித் தகுதிக்கு 59.99 செக்கன்கள் வேண்டும். இலங்கைப் பெண் எவரும் அந்த ஒரு நிமிட எல்லைக்குள் இன்னும் வந்ததில்லை. ஆண்களுக்கான 100 மீற்றர் சாதாரண நீச்சலில் அந்த நேரம் 48.34 செக்கன்கள். கைல் நீந்தியதற்கு மறுநாள், ஜூலை 31 அன்று, சீனாவின் பான் சான்லே 46.40 செக்கன்களில் உலக சாதனை படைத்தார். ஒலிம்பிக்கில் தகுதிகாண் சுற்றைத் தாண்டிய இலங்கை நீச்சல் வீரர் இதுவரை எவருமில்லை.

ஆனால் தெற்காசிய மட்டத்தில் கதை வேறு. 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் கைலின் சகோதரர் மத்தியூ அபேசிங்க மட்டும் ஏழு தங்கம் வென்றார். அதே ஆண்டு றியோ ஒலிம்பிக்கிலும் நீந்தினார். அங்கே அவருடன் நீந்திய கிமிகோ ரஹீமின் சகோதரி மயூமி, 2008இல் பெய்ஜிங்குக்குப் போனவர். ஒரே குடும்பங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். அவர்களது உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. விடியமுன் பிள்ளையைத் தடாகத்துக்குக் கொண்டுபோய் விடவும், பயிற்றுவிப்பாளருக்குப் பணம் கொடுக்கவும், இதைப் பத்து வருடம் விடாமல் செய்யவும் முடிந்த வீடுகளில் இருந்துதான் இந்த விளையாட்டுக்கு ஆள் வருகிறது. படுவான்கரைப் பிள்ளை காலை ஐந்து மணிக்கு ஒரு தடாகத்தில் நிற்பதென்றால் எந்த பஸ்ஸில் வருவது?

"எங்கட பிள்ளைகள் வாவியிலேயே நீந்திப் பழகினவர்கள்" என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது வேறு நீச்சல். தோணிக்காரர் தலையை நீருக்கு மேலே வைத்துத்தான் நீந்துவார். வலை எங்கே, கரை எங்கே, முதலை கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். களைக்காமல் இருப்பதுதான் அவருக்கு முக்கியம், வேகம் அல்ல. போட்டி நீச்சலிலோ தொடக்கத்திலும், சுவரைத் தொட்டுத் திரும்பிய பின்னரும் 15 மீற்றர் வரை நீருக்கடியில் போக விதி அனுமதிக்கிறது. 50 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் நீந்தும்போது அப்படி 30 மீற்றர் கிடைக்கும். முன்னணி வீரர்கள் நேரத்தை மிச்சம் பிடிப்பது அங்கேதான். உதைத்துத் திரும்ப ஒரு சுவர் 56 கிலோமீற்றர் நீள வாவியில் எங்கும் இல்லை.

நம்மவர்கள் பெயர் எடுத்தது திறந்த கடலில். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போகவும் வரவுமாக அதை 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிரிழந்தார். அந்த வகை நீச்சலுக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடமே இல்லை. 10 கிலோமீற்றர் திறந்தநீர்ப் போட்டி 2008இல்தான் சேர்க்கப்பட்டது.

போர்தான் காரணம் என்று முடித்துவிடவும் ஆசை வருகிறது. 2007 வரை எழுவான்கரை ஒரு பக்கத்தாரிடம், படுவான்கரை மற்றப் பக்கத்தாரிடம். நடுவில் வாவி எல்லையாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் நீச்சல் பயிற்சி பற்றி யார் யோசித்திருப்பார்கள்? ஆனாலும் சிரியாவின் யுஸ்ரா மர்தினியைப் பாருங்கள். 2015இல் ஏஜியன் கடலில் இயந்திரம் நின்றுபோன படகை, நீரில் இறங்கி மற்றவர்களோடு சேர்ந்து கரைக்கு இழுத்தவர். அடுத்த ஆண்டே றியோவில் அகதிகள் அணிக்காக நீந்தினார். போர் தொடங்கமுன் டமஸ்கசில் அவருக்குத் தடாகம் இருந்தது, தகப்பனே பயிற்றுவிப்பாளர். நமக்குப் போருக்கு முன்னும் அது இருக்கவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. வாவிக் கரையில் வளர்ந்தும் தெரியாது. பெரியபிள்ளையானதும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அம்மம்மா நிறுத்திவிட்டார். மச்சான்மார் பாலத்தில் இருந்து குதிப்பதைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் என்று எங்கள் கரை முழுவதும் அலை ஏறியது. மறுஆண்டு ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆண்களைவிடப் பெண்கள் ஏன் அதிகமாக இறந்தார்கள் என்று கேட்டது. மட்டக்களப்புக் கரையில் அலை வந்தது பெண்கள் வழமையாகக் கடலில் குளிக்கும் நேரம் என்று அதில் இருக்கிறது. இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகிறது, பெண்களுக்கு அல்ல என்றும் இருக்கிறது. அவ்வளவு பெரிய அலையில் நீச்சல் எல்லோரையும் காப்பாற்றியிருக்காது. சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

ஆகவே பதக்கக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு நான் கேட்பது சின்ன விஷயம். பங்களாதேசில் கிராமத்துக் குளங்களுக்குள் மூங்கில் மேடை கட்டி, நான்கு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் கற்பிக்கிறார்கள். 50 மீற்றர் தடாகம் அதற்குத் தேவைப்படவில்லை. இங்கேயும் முதலைப் பயமில்லாத ஆழமற்ற ஒரு குளத்தில், அல்லது சின்னத் தடாகம் ஒன்றில், பெண்பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுவிப்பாளர்களை வைத்துத் தொடங்கலாம். அம்மம்மாமாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமான வேலை. என் அம்மம்மாவிடம் நான் தோற்றேன்.

அன்று துறையில் நின்ற அம்மாவோடு பேரப்பிள்ளை ஒன்றும் நின்றது, ஆறேழு வயது இருக்கும். பாதை வந்து முட்டியதும் அது ஓரத்துக்குப் போய்த் தண்ணீரில் கையை விட்டது. "தள்ளி நில்லு புள்ள, விழுந்திருவாய்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மண்டூர்க் கரை வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.